மின்சார பைக்கில் வேகமான ஆன்போர்டு சார்ஜிங்: மதுரை வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள நான்குவழிச் சாலைகளில் கார்களுக்கான வேக சார்ஜர்கள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலைப் பக்கமோ, நத்தம் சாலையிலிருந்து உள்ளே ஒரு கிராமத்துக்கோ வண்டியைத் திருப்பினால் நிலைமை வேறு. அங்கே இருப்பது டீக்கடை, மாவு மில், மெஸ், கல்யாண மண்டபம். ஆனால் இவற்றில் பெரும்பாலான இடங்களில் ஒரு பவர் பிளக் இருக்கும். கிரைண்டருக்கோ ஏசிக்கோ போட்ட 16 ஆம்பியர் சாக்கெட். உங்கள் வண்டிக்குள்ளேயே 3.3 கிலோவாட் சார்ஜர் இருந்தால், அந்த சாக்கெட் ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு சார்ஜிங் நிலையம்தான்.

அதனால்தான் நம் பகுதியில் வண்டி வாங்குபவரும், இருக்கிற வண்டியின் சார்ஜ் வேகத்தைக் கூட்ட நினைப்பவரும் முதலில் ஆன்போர்டு சார்ஜரைக் கவனிக்க வேண்டும் என்கிறேன். எத்தனை கிலோவாட் வரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும், வீட்டில் என்ன மாற்ற வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, 4 யூனிட் பேட்டரி உள்ள பைக் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். யூனிட் என்பது ஈ.பி. பில்லில் வரும் அதே கிலோவாட்-மணிதான்.

ஆன்போர்டு சார்ஜரின் வேலை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்). பேட்டரி ஏற்பது டி.சி. (நேர்திசை மின்சாரம்) மட்டுமே. இடையில் யாராவது மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றி வண்டிக்குள் பொருத்தப்பட்டிருந்தால் ஆன்போர்டு சார்ஜர். செங்கல் மாதிரி ஒரு பெட்டியாகக் கையில் தந்தால் போர்ட்டபிள் சார்ஜர். சாலையோர நிலையத்துக்குள்ளேயே இருந்து, டி.சி.யாக நேரே பேட்டரிக்கு அனுப்பினால் டி.சி. வேக சார்ஜர்.

நம் ஊரில் ஓடும் ஸ்கூட்டர், பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 650 முதல் 950 வாட் வரையிலான சார்ஜர்தான் வருகிறது. சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் யார் வீட்டிலும் சொருகலாம் என்பதற்காக இந்த அளவு. 2024 டிசம்பரில் வந்த பஜாஜ் சேத்தக் 3501-இல் 950 வாட் சார்ஜரை வண்டிக்குள்ளேயே வைத்தார்கள். 3.5 யூனிட் பேட்டரி 80 விழுக்காடு வர மூன்று மணி நேரம். இரவில் சொருகிவிட்டுத் தூங்குபவருக்கு இது தாராளம். பகலில் இரண்டு முறை லோடு அடிப்பவருக்கும், தேனி, ராமநாதபுரம் என்று போய் வருபவருக்கும் போதாது.

வேறுபாட்டை எண்ணில் பார்த்துவிடலாம். 4 யூனிட் பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80-க்குக் கொண்டுவர 2.4 யூனிட் உள்ளே போக வேண்டும். 750 வாட் சார்ஜரில் அதற்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். 1.5 கிலோவாட்டில் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். சுவரிலிருந்து 3.3 கிலோவாட் இழுக்கும் சார்ஜர், தன் இழப்பு போக ஏறத்தாழ 3 கிலோவாட்டைப் பேட்டரிக்குத் தரும். அதில் 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி செலவாகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரம் சொருகி வைத்ததற்கு 75 கிலோமீட்டர் கிடைக்கிறது. 750 வாட்டில் கிடைப்பது 19 கிலோமீட்டர்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் சார்ஜரின் லேபிளையும் பேட்டரியின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் வெளியீடு என்று இரண்டு எண் இருக்கும்: 84 வோல்ட், 10 ஆம்பியர் என்பதுபோல. இரண்டையும் பெருக்கினால் 840 வாட். அதுதான் உங்கள் இன்றைய வேகம்.

வோல்ட் எண்ணை அலட்சியமாக விடாதீர்கள். "72 வோல்ட் வண்டி" என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு ரசாயனங்கள் ஒளிந்திருக்கின்றன. என்.எம்.சி. செல்கள் 20 வரிசையாக இருந்தால் முழு சார்ஜில் 84 வோல்ட். எல்.எஃப்.பி. செல்கள் 24 வரிசையாக இருந்தால் 87.6 வோல்ட். இரண்டுக்கும் கடையில் "72 வோல்ட் சார்ஜர்" என்றுதான் கொடுப்பார்கள். 84-இல் நிற்க வேண்டிய பேட்டரிக்கு 87.6 வோல்ட் சார்ஜரை மாட்டினால் ஒவ்வொரு செல்லும் 4.2-ஐத் தாண்டி 4.38 வோல்ட் வரை தள்ளப்படும். பேட்டரிக்குக் காவலாக உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். பலகை மின்சாரத்தை வெட்டிவிட்டால் பிழைத்தோம். அது பழுதாகியிருந்தால் தீ. 60 வோல்ட் வண்டிகளிலும் இதே குழப்பம் உண்டு. ஆகவே "72-ஆ 60-ஆ" என்று கேட்டு வாங்காமல், முழு சார்ஜ் வோல்ட் எவ்வளவு என்று தசமப் புள்ளியோடு கேட்டு வாங்குங்கள்.

படி 2: எந்த இடத்தில் முட்டுகிறது?

சார்ஜ் வேகத்தை ஐந்து இடங்கள் கட்டுப்படுத்துகின்றன: சுவர் சாக்கெட், ஒயர், சார்ஜர், பி.எம்.எஸ்., செல். இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வேகம். சார்ஜரை மட்டும் பெரிதாக்கிவிட்டு மற்ற நான்கையும் பார்க்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சாக்கெட்டில் தொடங்குவோம். 6 ஆம்பியர் சாக்கெட் தரக்கூடியது உச்சமாக 1,380 வாட். மணிக்கணக்கில் ஓடும் சார்ஜருக்கு அதில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. 16 ஆம்பியர் பவர் பிளக்கில் 15 ஆம்பியர் என்று வைத்தால் 3,450 வாட். 3.3 கிலோவாட் என்ற எண் பல இடங்களிலும் வருவது இதனால்தான். 2017-இல் அரசுக் குழு பரிந்துரைத்த பாரத் ஏ.சி.-001 சார்ஜரும் ஒவ்வொரு வாயிலிலும் 3.3 கிலோவாட் தருவதாகவே அமைந்தது.

அடுத்து செல். ஒரு பேட்டரியை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் வேகத்தை 1 சி என்பார்கள். 4 யூனிட் பேட்டரிக்கு 3 கிலோவாட் கொடுத்தால் 0.75 சி. இருசக்கர வண்டிகளில் வரும் செல்கள் பல 0.5 சி முதல் 1 சி வரை ஏற்கும். ஆனால் பேட்டரி 2 யூனிட்தான் என்றால் அதே 3 கிலோவாட் 1.5 சி ஆகிவிடும். அது பெரும்பாலான பேட்டரிகளுக்கு அதிகம். சின்ன பேட்டரி வண்டிக்குப் பெரிய சார்ஜர் தேடி அலைவதில் பயன் இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

அப்புறம், 80 விழுக்காட்டைத் தாண்டியதும் எந்த சார்ஜரும் மெதுவாகும். குடம் நிரம்பும் நேரத்தில் குழாயைத் திருகிக் குறைப்பதுபோல, வோல்ட் உச்சத்தைத் தொட்டதும் ஆம்பியரை சார்ஜர் படிப்படியாகக் குறைக்கும். ஆகவே வழியில் நிறுத்தி சார்ஜ் போடும்போது 80-ஐத் தாண்டிக் காத்திருப்பது பெரும்பாலும் நேர விரயம். மலை ஏறப்போகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 3: என்னென்ன வழிகள் இருக்கின்றன

முதல் வழி, வண்டித் தயாரிப்பாளரே விற்கும் பெரிய சார்ஜர். சில நிறுவனங்கள் அதே மாடலுக்கு சாதாரண சார்ஜர், வேக சார்ஜர் என்று இரண்டு வைத்திருக்கின்றன. பெங்களூரு அல்ட்ராவயலெட்டின் எஃப்77 பைக்குக்கு ஸ்டாண்டர்டு, பூஸ்ட் என்று இரண்டு வகை உண்டு. உங்கள் வண்டிக்கு அப்படி ஒன்று இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். பி.எம்.எஸ்.ஸோடு பேசும் மொழி அதற்குத் தெரியும், வாரன்டியும் போகாது. ஷோரூமில் "கிடையாது" என்று சொன்னாலும் சர்வீஸ் பிரிவில் பாகத்தின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி, வாங்கும்போதே பெரிய ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டியைத் தேர்வது. வெளிநாட்டு வண்டிகள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று தெரிந்தால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அமெரிக்க ஜீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எஸ்.ஆர்./எஃப். பைக்கில் அடிப்படை மாடலுக்கு 3 கிலோவாட், உயர் மாடலுக்கு 6 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர். பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக 6 கிலோவாட் சேர்த்து 12 வரை கொண்டுபோகலாம். அதில் 14.4 யூனிட் பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிரம்பும். பி.எம்.டபிள்யூ. சி.இ. 04 ஸ்கூட்டரில் 2.3 கிலோவாட் சார்ஜர். கூடுதல் பணம் கட்டினால் 6.9 கிலோவாட். 2024-இல் அது இந்தியாவுக்கு 14.90 லட்சம் விலையில் வந்தது. நம்மில் எத்தனை பேர் வாங்கப்போகிறோம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வண்டிகளில் சார்ஜரைத் தனி மாட்யூலாக வைத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். நம் நாட்டு பைக்குகளுக்கும் அது வர வேண்டும். மதுரையில் காலை முதல் இரவு வரை டெலிவரி ஓட்டும் பையனுக்கு இரண்டாவது மாட்யூல் என்பது ஆடம்பரம் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வண்டி தயாராகிவிடும்.

மூன்றாவது வழி, உயர் வோல்ட் வண்டி. சென்னையைச் சேர்ந்த ராப்டீ நிறுவனம் 2024 அக்டோபரில் டி30 என்ற பைக்கை 2.39 லட்சத்துக்கு அறிமுகம் செய்தது. அதன் பேட்டரி அமைப்பு 72-க்குப் பதில் 240 வோல்ட் அளவில் இயங்குகிறது, கார்களுக்கான சி.சி.எஸ். 2 வகை டி.சி. வேக நிலையத்திலேயே சொருகலாம். இதில் என்ன பெரிய விஷயம் என்றால், கார்களுக்கான டி.சி. சார்ஜர்கள் பலவும் 150 அல்லது 200 வோல்ட்டுக்குக் கீழே இயங்கவே இயங்காது. ஆகவே 72 வோல்ட் பைக்குக்கு எந்த அடாப்டர் வாங்கினாலும் நெடுஞ்சாலை கார் சார்ஜரில் டி.சி. கிடைக்காது. அப்படி ஒரு அடாப்டரை யாராவது விற்க வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பலன்: அதே 3 கிலோவாட்டை 72 வோல்ட்டில் அனுப்ப 42 ஆம்பியர் வேண்டும், 240 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் போதும். ஒயர் மெலிகிறது, வெப்பம் குறைகிறது.

நான்காவது வழி, டைப் 2 என்ற வகை பிளக் உள்ள ஏ.சி. கார் நிலையங்கள். வண்டியில் டைப் 2 வாயும் ஆன்போர்டு சார்ஜரும் இருந்தால் மால், ஹோட்டல் வாகன நிறுத்தங்களில் இருக்கும் 7.4 கிலோவாட் ஏ.சி. நிலையத்தில் சொருகலாம். நிலையம் 7.4 தரும் என்பதற்காக வண்டி 7.4 எடுத்துக்கொள்ளாது; உள்ளே இருக்கும் சார்ஜரின் அளவே எல்லை. அந்த பிளக்கில் பைலட் என்று ஒரு மெல்லிய கம்பி போகிறது. "என்னால் இத்தனை ஆம்பியர் தர முடியும்" என்று நிலையம் அதன் வழியே வண்டிக்குச் சொல்லும். வண்டி அதற்குள் அடங்கி இழுக்கும். தரமான டைப் 2 அடாப்டரில் இந்த உரையாடல் முறையாக நடக்க வழி இருக்கும். மலிவான அடாப்டரில் ஒரு ரெசிஸ்டரை வைத்து வண்டி வந்துவிட்டதாக நிலையத்தை ஏமாற்றியிருப்பார்கள், அதில் ஃப்யூஸும் இருக்காது. 32 ஆம்பியர் நிலையத்தில் 16 ஆம்பியர் ஒயரை அப்படி மாட்டுவது ஆபத்து.

ஐந்தாவது, ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் உருவாக்கி 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்ற எல்.இ.சி.சி.எஸ். இணைப்பி. ஏ.சி., டி.சி. இரண்டும் ஒரே வாயில் வருகிறது. ஹீரோவின் வீடா வண்டிகளும் இதையே பயன்படுத்துகின்றன. உங்கள் வண்டி இந்த வகையென்றால் சாலையில் டி.சி., வீட்டில் ஏ.சி. என்று பிரச்சினையே இல்லை.

ஆறாவது, இரண்டு சார்ஜரை இணையாக மாட்டுவது. வெளிநாட்டில் பழைய ஜீரோ வண்டிக்காரர்கள் நிறையப் பேர் செய்தது இது. மின் கணக்குப்படி சரியாகவே வேலை செய்யும். இரண்டு சார்ஜரும் ஒரே முழு சார்ஜ் வோல்ட்டில் நிற்க வேண்டும், இரண்டின் ஆம்பியரையும் கூட்டினால் பி.எம்.எஸ்.ஸின் சார்ஜ் எல்லைக்குள் வர வேண்டும், சார்ஜ் வாயும் அதன் ஒயரும் அந்தக் கூட்டுத்தொகையைத் தாங்க வேண்டும். நம் வண்டிகளில் சார்ஜரும் பி.எம்.எஸ்.ஸும் கேன் (CAN) என்ற தகவல் இணைப்பு வழியே பேசிக்கொள்வது அதிகமாகி வருகிறது. அப்படிப்பட்ட வண்டி இரண்டாவது சார்ஜரை ஏற்காது, அல்லது பழுது என்று விளக்கெரியும்.

வெளிக் கடையில் வாங்கிப் பொருத்தும் சார்ஜர் பற்றி என் கருத்து கண்டிப்பானது: தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை வேண்டாம். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகளை இறுக்கினார்கள். 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. உங்கள் பேட்டரி அந்தச் சோதனைகளில் தேறியது அதற்கென்று சொன்ன சார்ஜரோடுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

வண்டிக்குள் சார்ஜர் வைக்கும் இடமும் முக்கியம். 3.3 கிலோவாட் சார்ஜர் 93 விழுக்காடு திறனோடு ஓடினாலும் 230 வாட் வெப்பமாகப் போகும். மோட்டாருக்குக் காற்று ஓடும்போது கிடைக்கிறது. சார்ஜர் வேலை செய்வதோ வண்டி நிற்கும்போது. அதனால் நல்ல ஆன்போர்டு சார்ஜரில் ஃபேன் இருக்கும், அல்லது கனமான அலுமினியத் துடுப்புகள் வெளிக்காற்று படும்படி இருக்கும். புதிய வண்டி பார்க்கப் போனால் சீட்டைத் தூக்கி, சார்ஜர் எங்கே இருக்கிறது, அதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

படி 4: வீட்டு ஒயரிங்

இந்தப் படியில்தான் பணமும் பொறுமையும் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஈ.பி. பில்லையோ அட்டையையோ எடுத்து, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். ஏசி, மோட்டார், கீசர் இருக்கும் வீட்டில் இன்னொரு 3.3 கிலோவாட் சேரும்போது அந்த எண்ணைத் தாண்டலாம். தாண்டினால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பியுங்கள்.

அடுத்து தனி லைன். நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் பலர் "ஹால் பவர் பிளக் லைன்லயே இழுத்துரலாம்ணே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். "வேணாம் தம்பி, மீட்டர் போர்டுல இருந்து தனி லைனாவே இழுங்க" என்று சொல்லிவிடுங்கள். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம். சார்ஜர் முழு ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டுக்கும் ஒரே ஒயர் கணக்கு செல்லாது.

ஒயர் தடிமனுக்கு ஒரு கணக்கு. மீட்டர் பெட்டியிலிருந்து வண்டி நிற்கும் இடம் 30 மீட்டர் என்று வைப்போம். போய்வர 60 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும், சுவருக்குள் 160 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 6.7 வோல்ட்டும் 100 வாட்டும். 4 சதுர மி.மீ. இன்னும் நல்லது. 15 மீட்டருக்குள் என்றால் 2.5 போதும், அதற்கு மேல் 4 போடுங்கள். அலுமினிய ஒயர் வேண்டாம்.

அந்த லைனுக்கு, சுமை மீறினால் வெட்டும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் தனியாகப் போடுங்கள். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஏ வகை என்று கேளுங்கள். பழைய ஏ.சி. வகையானது, சார்ஜர் போன்ற மின்னணுக் கருவியில் வரும் கசிவைச் சரியாக உணராமல் போகலாம். சாக்கெட்டுக்கு நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்தான் என் தேர்வு. அதில் பின் இறுகப் பிடிக்கும், மழைச்சாரலுக்கு மூடியும் உண்டு. சாதாரண மூன்று பின் சாக்கெட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல பிராண்டாகப் பாருங்கள்.

எர்த் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் எர்த் ஒயரே இல்லாமல் சாக்கெட்டின் மேல் ஓட்டை காலியாக இருப்பதைப் பார்க்கலாம். நல்ல சார்ஜர் எர்த் இல்லை என்று தெரிந்தால் தொடங்காது. சிவப்பு விளக்கு காட்டிவிட்டு நிற்கும். அப்போது "நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் ஓடிடும்" என்று ஒருவர் வருவார். ஓடத்தான் செய்யும். தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று உங்கள் வண்டியின் சட்டம் முழுக்க 230 வோல்ட் ஏறும். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் நினைத்துப் பாருங்கள். தனி எர்த் பிட் போட ஒரு நாள் வேலைதான். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், ஆகவே சித்திரை, வைகாசியில் குழியில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கிராமங்களில் லோ வோல்டேஜ் இன்னொரு தொல்லை. மாலையில் வோல்ட் 180-க்கு இறங்கினால், எப்போதும் 3.3 கிலோவாட்டே இழுக்கும் சார்ஜர் 18 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. ஆம்பியருக்கு உச்ச வரம்பு வைத்த சார்ஜர் வோல்ட் குறையும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கும்போது உங்கள் சார்ஜர் எந்த வகை என்று கேளுங்கள்.

தோட்டத்து பம்ப்செட் இலவச மின்சாரத்தில் வண்டி சார்ஜ் போட வேண்டாம். விவசாயத்துக்கென்று தந்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் மாட்டும். வீட்டு இன்வெர்ட்டரிலும் போடாதீர்கள்.

பில் எவ்வளவு கூடும்? நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால், இழப்பும் சேர்த்து ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட். வேக சார்ஜர் போட்டதால் இது மாறாது. நேரம் மட்டுமே சுருங்கும். ஆனால் வீட்டின் மொத்தம் 500 யூனிட்டை நெருங்கிக்கொண்டிருந்தால் கவனியுங்கள். அதைத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். கூரை சோலார் யோசிப்பவர்களுக்கு, பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் வண்டி வீட்டில் நிற்கும் என்றால் நல்ல பொருத்தம்.

படி 5: முதல் சார்ஜை அருகிலிருந்து பாருங்கள்

புதிய சார்ஜரோ புதிய லைனோ, முதல் முறை பகலில், பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது போடுங்கள். எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கும். அதை ஃபேஸ் ஒயர் ஒன்றின் மேல் மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்து பூஜ்ஜியம் காட்டும். லேபிளில் சொன்ன ஆம்பியரும் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அரை மணியில் மறுபடி. வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு பிளக்கை உருவுங்கள். பின்னில் மூன்றில் ஒன்று மட்டும் கறுத்தோ, பழுப்பேறியோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்தப் பக்கத்துச் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள். சாக்கெட்டை மாற்றுவதோடு விடாமல், அதன் பின்னால் திருகில் மாட்டிய ஒயர் நுனியையும் புதிதாக வெட்டி இறுக்க வேண்டும். வெந்துபோன செம்பு மறுபடி சூடாகும்.

படி 6: மதுரை வெயிலில்

பெரும்பாலான லித்தியம் செல் தயாரிப்பாளர்கள் சார்ஜுக்கு 45 டிகிரியை உச்சமாக வைக்கிறார்கள். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி. திருமங்கலத்திலிருந்து வேகமாக வந்து இறங்கிய வண்டியின் பேட்டரி ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். உடனே சொருகினால் பி.எம்.எஸ். ஆம்பியரைக் குறைக்கும், 3 கிலோவாட் சார்ஜர் ஒரு கிலோவாட் சார்ஜராகிவிடும். சார்ஜர் பழுது என்று சர்வீஸுக்குப் போகாதீர்கள். வேப்பமர நிழலில் அரை மணி நிறுத்திவிட்டுச் சொருகினால், மொத்த நேரம் பல சமயம் குறையவே செய்கிறது.

தகரக் கொட்டகையில் மதிய சார்ஜ் வேண்டாம். வீட்டில் என்றால் இரவில் வண்டி ஆறிய பிறகு, அல்லது விடியற்காலையில். வேக சார்ஜர் இருப்பதன் பெரிய வசதியே இதுதான்: நாலு மணிக்குச் சொருகினாலும் ஐந்தேகாலுக்குள் வேலை முடியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புபவருக்கு இது சரியாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளக் தரையில் கிடக்கக் கூடாது, கேபிள் சாக்கெட்டிலிருந்து கீழே தொங்கி அப்புறம் வண்டிக்கு ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

படி 7: வெளியூர்ப் பயணம், கொடைக்கானல் கணக்கு

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் என்பதால் நம் ஊர் ஓட்டுநர்கள் அதிகம் கேட்பது கொடைக்கானல் பற்றித்தான்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு 55 முதல் 60 கிலோமீட்டர். மிதமான வேகத்தில் போனால் 2 யூனிட் செலவாகி, பேட்டரி பாதியில் நிற்கும். அங்கிருந்து மலைப்பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மெதுவாகப் போவதால் ஓட்டச் செலவு 1.7 யூனிட். அதோடு உயரம் சேரும்: வண்டியும் ஆளும் 225 கிலோ என்றால், 1,800 மீட்டர் தூக்க மட்டும் 1.1 யூனிட், மோட்டாரின் இழப்பும் சேர்த்து 1.3. ஆக மொத்தம் 3 யூனிட் வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் அரை யூனிட் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் வத்தலக்குண்டில் 50-லிருந்து 90-க்காவது ஏற்ற வேண்டும். 750 வாட் சார்ஜரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுத் திரும்புகிறார்கள். 3.3 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜரில், 80-க்கு மேல் வேகம் குறைவதையும் சேர்த்து, 40 நிமிடம். பவர் பிளக் உள்ள ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டு முடிக்கும் நேரம். கடைக்காரரிடம் முதலிலேயே "அண்ணே, ஏசி பிளக் ஒண்ணு கிடைக்குமா, ரெண்டு யூனிட் ஓடும், காசு குடுத்துர்றேன்" என்று கேளுங்கள். எத்தனை யூனிட் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. அந்த லைனில் ஃப்ரீசர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் தெரியாத சாக்கெட்டில் 10 ஆம்பியருக்கு இறக்கிவிடுவது நல்ல பழக்கம்.

மேலே தங்குமிடத்தில் இரவு முழுக்க நேரம் இருக்கிறது, வேகம் தேவையில்லை. சார்ஜரை ஒரு கிலோவாட்டுக்குள் இறக்க முடிந்தால் 6 ஆம்பியர் சாக்கெட் போதும். ஆனால் 100 வரை ஏற்றாதீர்கள். நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் திரும்ப வரும் மின்சாரத்தை ஏற்காது. அப்போது மோட்டார் பிரேக் கிடைக்காமல் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் டிஸ்க் பிரேக்கில் மட்டுமே இறங்க வேண்டி வரும். 80 விழுக்காட்டோடு கிளம்பினால் வத்தலக்குண்டு வரும்போது பேட்டரி பெரிதாகக் குறைந்திருக்காது, அங்கிருந்து மதுரைக்கு மறுபடி சொருகத் தேவையும் இருக்காது.